அக்காவிடம் கேளுங்கள்: ஆபரேஷன் முடிந்தது, வேலைக்குத் திரும்பத்தான் பயமாக இருக்கிறது

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். மூன்றும் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவை. மூன்றிலும் தைராய்டு புற்றுநோய், கழுத்தில் ஆபரேஷன், அப்புறம் வேலைக்குத் திரும்புவது பற்றிய தவிப்பு. ஒன்பது வருடத்துக்கு முன் எனக்கும் இதே ஆபரேஷன் நடந்தது, அப்போது நான் தொண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் நீளமாகவே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. என் பேச்சைக் கேட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நான் பட்டதையும், என்னைப் பார்த்த டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன், உங்கள் டாக்டரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு அது உதவும்.

அக்கா, எனக்கு 38 வயது. மண்டபம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். பிப்ரவரியில் மதுரையில் தைராய்டு முழுவதையும் எடுத்துவிட்டார்கள், பாப்பிலரி வகைப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது. பிறகு நான்கு வாரம் தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ஏப்ரல் கடைசியில் ரேடியோ அயோடின் என்ற கதிர்வீச்சு மருந்து கொடுத்தார்கள். ஜூனில் பள்ளி திறக்கிறது. காலையில் குரல் பரவாயில்லை, மதியத்துக்கு மேல் வெறும் காற்றுதான் வருகிறது. போன வாரம் மகனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது 'பகுதி' என்ற சொல்லே வாயில் வரவில்லை, பதினான்கு வருடமாகச் சொல்லும் சொல். தலைமையாசிரியர் இன்னும் ஆறு மாதம் லீவு எடுங்கம்மா என்கிறார், அது அக்கறையா, நான் லாயக்கில்லை என்கிறாரா தெரியவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் மாசமாக இருக்கிறார், கதிர்வீச்சு மருந்து சாப்பிட்டவள் என்று தள்ளி உட்கார்ந்தால் என்ன செய்வேன்? தன்னம்பிக்கை மொத்தமாகப் போய்விட்டது. எப்படித் திரும்பக் கொண்டுவருவது?
பெயர் வேண்டாம், மண்டபம் வட்டாரம்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தன்னம்பிக்கை போய்விட்டது என்று நீங்கள் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் உடம்பின் கணக்கு. அதை மனசின் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டு உங்களை நீங்களே குறை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த 'பகுதி' விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். தைராய்டு சுரப்பியே இல்லாத உடம்பில் நான்கு வாரம் மாத்திரையும் இல்லை என்றால் மூளையிலிருந்து குடல் வரை எல்லாமே மெதுவாகும். சொல் வராது, அசதி, குளிர், மலச்சிக்கல், முகம் உப்பும், சின்ன விஷயத்துக்கு அழுகை வரும். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தாலும் மறுநாளே சரியாகாது, ஏனென்றால் அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்சின் ரத்தத்தில் மெதுவாகச் சேர்ந்து மெதுவாகக் குறையும் மருந்து, அது பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். அதனால்தான் அளவு சரியா என்று பார்க்கும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையை ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து எடுக்கச் சொல்கிறார்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து எண்ணிப் பாருங்கள், ஜூன் பாதிக்கு மேல் வருகிறது. அதாவது பள்ளி திறக்கிற அன்று உங்கள் உடம்பு இன்னும் பாதி வழியில்தான் இருக்கும். சொல் மறப்பது உங்கள் அறிவு மங்கியதால் என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன சிலருக்கு டி.எஸ்.எச்.சை வேண்டுமென்றே குறைவாக வைப்பார்கள், அதற்காக மாத்திரை சற்றுத் தூக்கலாக இருக்கும். அப்போது நெஞ்சு படபடக்கும், கை லேசாக நடுங்கும், தூக்கம் வராது, வியர்க்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. வகுப்பு வாசலில் நிற்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதைப் பயம் என்று நினைத்து மூன்று மாதம் மருகினேன், யாரோ சொன்னார்கள் என்று மந்திரித்துக் கயிறு கூடக் கட்டிக்கொண்டேன். கடைசியில் டாக்டரிடம் சொன்னபோது ரத்தத்தைப் பார்த்துவிட்டு அளவைக் கொஞ்சம் குறைத்தார், ஒன்றரை மாதத்தில் அந்தப் படபடப்பில் முக்கால்வாசி காணாமல் போனது. எனவே உங்களுக்கு வரும் ஒவ்வொரு 'பயத்தையும்' ஒரு தாளில் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். காலையில் மட்டுமா, மாத்திரை போட்ட பிறகா, ராத்திரியிலா என்று பார்த்து, அந்தத் தாளையே டாக்டர் மேஜையில் வையுங்கள். உங்களுக்குக் குறைக்கலாமா கூடாதா என்பதை உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பள்ளி நாளில் நம் ஊர் ஆசிரியைகள் செய்கிற தப்பு இதுதான், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மாத்திரை, காபி, கால்சியம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு ஓடுவோம். கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் தைராக்சினை உடம்பில் சேரவிடாது, நான்கு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். கால்சியத்தை டிபன் பாக்ஸ் பையில் வைத்துவிடுங்கள், மதியச் சாப்பாட்டோடு போகட்டும்.

இனி குரல். இதில்தான் நான் பெரிய தப்பு செய்தேன், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரமே பள்ளிக்குப் போனேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, பழையபடி இருக்கிறேன் என்று காட்ட வேண்டும் என்ற வீம்பு. எட்டாம் வகுப்பு, மூன்றாவது பீரியட், ஆடி மாதக் காற்று. எங்கள் பள்ளியில் கடல் பக்கத்து ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது, கதவு அடித்துக்கொண்டே இருக்கும். கடைசி பெஞ்சில் ஒரு பையன் பக்கத்தில் இருப்பவனின் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பெயரின் முதல் எழுத்து மட்டும் வந்தது, மீதி கிழிந்த துணி மாதிரி ஒரு சத்தம். வகுப்பே திரும்பிப் பார்த்தது. முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு பதினோரு நாள் என்னால் பேசவே முடியவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார். இரண்டு குரல்நாண்களில் ஒன்று சோம்பலாக அசைந்தது. தைராய்டுக்குப் பின்னாலேயே குரல்நாணுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது, அதை வெட்டாமல் காப்பாற்றினாலும் ஆபரேஷனில் தொட்டு விலக்கும்போது அது அடிபட்டுத் தூங்கிப்போகலாம். அப்படித் தூங்கிய நரம்பு பெரும்பாலும் சில வாரம் முதல் சில மாதங்களுக்குள் விழித்துக்கொள்ளும், சிலருக்கு ஒரு வருடம் வரை ஆகலாம். மேல் ஸ்தாயிக்கும் கத்துவதற்கும் தனியாக இன்னொரு சின்ன நரம்புக் கிளை இருக்கிறது, அது அடிபட்டால் பேச்சு நன்றாக இருக்கும், கூப்பிட்டால் மட்டும் எழும்பாது. எனக்கு எட்டாவது மாதத்தில் பேச்சுக்குரல் முழுக்க வந்துவிட்டது. காலை வழிபாட்டில் மேலே எடுத்துப் பாடுவது மட்டும் கடைசி வரை வரவில்லை. அந்த ஏக்கம் இன்றைக்கும் உண்டு, அதை மறைத்து எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனசில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, பள்ளி திறப்பதற்கு முன் ஒருமுறை குரல்நாணைப் பார்த்துவிட வேண்டும். 'எனக்கு வாத்தியார் வேலை, ஒரு நாளைக்கு இத்தனை பீரியட் பேச வேண்டும்' என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வீட்டில் பேசும் அளவுக்குக் குரல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிடுவார்கள். வீட்டில் ஒரு சின்ன சோதனை செய்யலாம், மூச்சை நன்றாக இழுத்து சாதாரணக் குரலில் 'ஆ' என்று எத்தனை வினாடி நிறுத்த முடிகிறது என்று போனில் பாருங்கள். பத்து வினாடி கூட நிற்கவில்லை என்றால் உடனே காட்டுங்கள். பேச்சுப் பயிற்சி தருபவரிடம் நான்கைந்து தடவை போனாலே பெரிய வித்தியாசம் தெரியும், குரல் பயிற்சி என்பது பாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள், தொண்டையை வைத்துப் பிழைக்கிற நமக்குத்தான் அது முதலில் வேண்டும். குரலை மிச்சப்படுத்துகிறேன் என்று குசுகுசுவென்று பேசாதீர்கள், அது குரல்நாணை இன்னும் வருத்தும். அடிக்கடி தொண்டையைக் கனைப்பதையும் விடுங்கள், கனைப்பு வரும்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள்.

அப்புறம் ஒரு மைக் வாங்குங்கள். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கரும் காதோரம் மாட்டும் மைக்கும் சேர்த்து ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. எனக்கு அந்தப் புத்தி லேட்டாகத்தான் வந்தது. மைக்கோடு போனால் நோயாளி என்று முத்திரை குத்துவார்கள் என்று நினைக்காதீர்கள், மண்டபத்துக் காற்றில் நல்ல தொண்டைக்காரருக்கே மைக் வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் முதல் நாள் அதையே பார்ப்பார்கள், இரண்டாம் நாள் ஒருவன் 'டீச்சர், நான் ஒரு தடவை பேசிப் பார்க்கட்டுமா' என்பான், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். பேசவிடுங்கள், வாய்ப்பாட்டை அவர்களே மைக்கில் சொல்லட்டும், உங்கள் தொண்டைக்கு ஐந்து நிமிடம் ஓய்வு.

தலைமையாசிரியர் விஷயம். அவர் சொன்னது அக்கறையா வேறா என்று யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், நேரில் போய்க் கேட்டுவிடலாம். ஆறு மாதம் வீட்டில் இருங்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதே நேரம், திறக்கிற அன்றே போய் நிற்க வேண்டும் என்ற வேகமும் வேண்டாம். ஜூன் பாதியில் ரத்தப் பரிசோதனை, அதோடு குரல்நாண் பரிசோதனை, இரண்டையும் பார்த்துவிட்டு டாக்டர் உடற்தகுதிச் சான்று தருவார், மருத்துவ விடுப்பிலிருந்து சேர அந்தச் சான்று எப்படியும் வேண்டும். அதை எடுத்துக்கொண்டு போய், 'சார், நான் சேருகிறேன், முதல் இரண்டு மாதம் தொடர்ந்து மூன்று பீரியட் மட்டும் வைக்காதீர்கள், மதியத்தில் எழுத்து வேலை, செய்முறை மாதிரி கொடுங்கள்' என்று கேளுங்கள். என்ன உதவி வேண்டும் என்று நாம் அளவு சொல்லாவிட்டால், பாவம் என்று மொத்தமாக ஒதுக்கி வைப்பதுதான் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்த ஒரே உதவி. கால அட்டவணை ஜூன் முதல் வாரத்திலேயே எழுதிவிடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் சான்று வரும் வரை காத்திராமல் இப்போதே ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்.

பக்கத்து வகுப்பு டீச்சருக்கு நேரடியாகவே சொல்லிவிடுங்கள். ரேடியோ அயோடினின் கதிர்வீச்சு எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு மாதத்தில் நான்கு முறை பாதியாகி 16-ல் ஒரு பங்குதான் மிஞ்சும், உங்கள் உடம்பிலோ அதை விட எவ்வளவோ குறைவு, ஏனென்றால் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே சிறுநீரில் போய்விடும். கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இத்தனை நாள் போகக்கூடாது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பார்கள். அந்தத் தேதி தாண்டிவிட்டது என்று சீட்டையே அவரிடம் காட்டலாம். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவருக்குப் பயம் வருவது இயல்பு, அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் தேதியைச் சொல்லுங்கள். மற்றபடி இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தாலும் வராது.

ஊருக்குச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் தயார் செய்துகொள்ளுங்கள். நான் சொல்லாமல் மறைத்ததால், எனக்குத் தொண்டையில் ஓட்டை போட்டிருக்கிறது என்று வரை கதை கட்டினார்கள். பிறகு கேட்டவர்களிடமெல்லாம் 'தைராய்டில் கட்டி, புற்றுநோய்தான், எடுத்தாச்சு, மாத்திரை போடுகிறேன், குரல் மட்டும் மெதுவாக வருது' என்று ஒரே மாதிரி சொன்னேன். நாலைந்து பேரிடம் சொல்வதற்குள் அந்த வாக்கியம் வாய்க்குப் பழகிவிட்டது, கேட்டவர்களுக்கும் மேலே கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

தழும்பை மறைப்பதும் காட்டுவதும் உங்கள் இஷ்டம். வெயில் மட்டும் படவிடாதீர்கள், முதல் ஒரு வருடம் வெயில் பட்டால் கருத்து அப்படியே நின்றுவிடும், நம் கடற்கரை வெயில் சும்மா விடாது. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், அல்லது சன்ஸ்கிரீன் போடுங்கள். என்னிடம் பிள்ளைகள் கேட்டார்கள், சொன்னேன். ஒருத்தி 'வலிச்சுதா டீச்சர்' என்றாள். வலித்தது என்றேன். பாடத்தை எடுத்தோம்.

அக்கா, எங்க அம்மாவுக்கு 46 வயசு. பாம்பன் பக்கம் கடல்ல முங்கி பாசி எடுக்குறவங்க, சின்ன வயசுலேர்ந்து இதே வேலை. அஞ்சு மாசத்துக்கு முந்தி தைராய்டு கேன்சர்னு முழுசா எடுத்துட்டாங்க. இன்னும் கால்சியம் மாத்திரை போடுறாங்க, சில நாள் விரலெல்லாம் எறும்பு ஊருற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. ஆனா வர்ற பௌர்ணமிக்கு மத்த பொம்பளைகளோட வள்ளத்துல போவேன்னு பிடிவாதம். ஊர்ல சிலர் பாசி எடுத்ததாலதான் இந்த வியாதின்னு சொல்றாங்க. நான் தடுக்கவா, விடவா?
மகன், பாம்பன் பக்கம்.

தம்பி, உங்கள் அம்மாவுக்குத் தைரியத்துக்குக் குறைவே இல்லை, அவர் காலில் தட்டைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவர். அதனால் நான் உங்களிடம் தைரியத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. தண்ணீருக்குள் போவதற்கு முன் இரண்டு விஷயம் சரியாக இருந்தாக வேண்டும், அதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று அந்த எறும்பு ஊர்வது. தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன, ரத்தத்தில் கால்சியத்தைப் பார்த்துக்கொள்வது அவைதான். ஆபரேஷனில் அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் கால்சியம் இறங்கும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல் நுனியில் எறும்பு ஊர்தல், அப்புறம் கை கால் இழுத்துக்கொள்வது. கரையில் கெண்டைச் சதை இழுத்தால் உட்கார்ந்து நீவிவிடலாம், பாறைக்கு நடுவில் மூச்சடக்கி இருக்கும்போது இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து மாதம் ஆகியும் ஊர்வது இருக்கிறது என்றால் கால்சியம் அளவை இந்த வாரமே பார்க்க வேண்டும், பௌர்ணமி வரை பொறுக்க வேண்டாம். மாத்திரையை நேரம் தவறிப் போடுகிறாரா, தைராக்சினோடு சேர்த்து விழுங்குகிறாரா என்றும் பாருங்கள். ஊர்வது அதிகமாகி விரல்கள் விறைத்து மடங்கினாலோ மூச்சு இறுக்கினாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

இரண்டாவது, தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா, இருமல் வலுவில்லாமல் வருகிறதா என்று கவனியுங்கள். குரல்நாண் சரியாக மூடாதவர்களுக்கு அப்படி ஆகும். மூச்சை அடக்கும்போது உள்ளே கதவைச் சாத்துவது அந்தக் குரல்நாண்தான், அது சாத்தாமல் முங்கக்கூடாது. தொண்டை டாக்டரிடம் 'அம்மா கடலில் முங்குகிறவங்க' என்று நீங்கள் கூடப் போய்ச் சொல்லுங்கள், அம்மா தானாகச் சொல்லாமல் விட்டுவிடுவார்.

இந்த இரண்டும் சரி என்று டாக்டர் சொன்ன பிறகு தடுக்காதீர்கள். முதல் நடை இடுப்பளவுத் தண்ணீரில் ஒதுங்கிய பாசி பொறுக்கட்டும், முங்குவது அடுத்த நடைக்கு. அதுவரைக்கும் கரையில் மிதவைக்குக் கயிற்றில் பாசி நாற்று கட்டும் வேலை உங்கள் பக்கம் நடக்கும், கூலி குறைவுதான், ஆனால் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்யலாம். சும்மா வீட்டுக்குள் உட்கார்த்தி வைத்தால் அவருக்கு நோயை விட அது பெரிய தண்டனை.

பாசி எடுத்ததால் கேன்சர் வந்தது என்ற பேச்சை ஒதுக்குங்கள். கையால் பாசி பறிப்பதால் தைராய்டு புற்றுநோய் வரும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பாசியில் அயோடின் அதிகம் என்பது உண்மை, அதனால் குழப்பிக்கொள்கிறார்கள். ரேடியோ அயோடினோ அதற்கான ஸ்கேனோ எடுக்கும்போது மட்டும் ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு சொல்வார்கள். கடல்மீன், நண்டு, இறால், கருவாடு, பால், அயோடின் உப்பு, கீழக்கரைப் பக்கம் நோன்புக்குச் செய்கிற கடல்பாசி, எல்லாமே அந்த நாட்களில் கூடாது. மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடுகளில் அந்த இரண்டு வாரம் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், புளியும் பருப்பும் சாப்பிட்டுச் சலித்தவள் நான். அது முடிந்ததும் பழைய சாப்பாடுதான், மீனை ஆயுசுக்கும் நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கிடைக்கும், இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுத்து வையுங்கள், அடுத்து அட்மிஷன் போட வேண்டி வந்தால் கையில் இருக்கட்டும்.

அக்கா, ராமேஸ்வரத்தில் விசைப்படகு டிரைவராக இருக்கிறேன், வயது 41. மார்ச் கடைசியில் தைராய்டை முழுவதும் எடுத்தார்கள், அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டதால் லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜூன் 15-ல் கடலுக்குப் போகலாமா? படகில் மாத்திரையை எப்படிப் பார்த்துக்கொள்வது? ஓனர் வேறு ஆளைப் போட்டுவிடுவாரோ என்று தூக்கம் வரவில்லை.

தம்பி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உங்களுக்கு 61 நாள் ஓய்வு தானாகக் கிடைத்திருக்கிறது, கணக்குப்படி ஆபரேஷன் முடிந்து இரண்டரை மாதம் ஆகிவிடும். காயம் ஆறியிருந்து, டி.எஸ்.எச்.சும் கால்சியமும் சரியாக இருந்து, டாக்டரும் சரி என்றால் போகலாம். போவதற்கு முன் ஒருநாள் படகில் ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் நின்று கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். இன்ஜின் சத்தத்தில் படகின் முன்பக்கம் அணியத்தில் நிற்கும் பையனுக்கு உங்கள் குரல் கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்கவில்லை என்றால் விசிலும் கைச்சைகையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், வலை இழுக்கும் நேரத்தில் கத்திக் கத்திக் குரலைப் போக்கிக்கொள்ள வேண்டாம். அந்த ஒத்திகைக்கு ஓனரையும் கூப்பிடுங்கள். நீங்கள் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அவருக்கு வேறு ஆள் தேடும் யோசனை வராது என்றுதான் நினைக்கிறேன்.

மாத்திரையை இன்ஜின் ரூம் பக்கம் வைக்காதீர்கள், சூடும் ஈரமும் தைராக்சினைக் கெடுக்கும். அட்டையோடு ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அதை நனையாத இடத்தில் வையுங்கள். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தொழில் என்றாலும், காற்றோ இன்ஜின் கோளாறோ நாளை இழுத்துவிடும், அதனால் கூடவே சில நாள் மாத்திரை இருக்கட்டும். ஒருநாள் மறந்துவிட்டால் ஆள் விழுந்துவிடமாட்டீர்கள், பதற வேண்டாம். ஆனால் வாரக்கணக்கில் விட்டால் உங்கள் உடம்பில் அதைச் சுரக்க வேறு எதுவும் இல்லை.

இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் ராமேஸ்வரத்துக்காரரிடம் சொல்லாமல் விட முடியாது. எல்லைப் பக்கம் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டால் எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் சீட்டை இரண்டு நகல் எடுங்கள். தைராய்டு முழுவதும் எடுத்தாயிற்று, தினமும் இந்த மாத்திரை கட்டாயம் என்று இங்கிலீஷில் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். ஒன்றை பிளாஸ்டிக் கவரில் போட்டு மீனவர் அடையாள அட்டையோடு வையுங்கள், இன்னொன்றை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்து, எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டச் சொல்லுங்கள்.